கூட நிற்பவர்

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து திருவேற்காட்டுக்குத் திரும்பும் வேலப்பன்சாவடியில், ஞாயிற்றுக்கிழமை காலை எந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் அவர் இருப்பார். வண்டியை விட்டுவிட்டுச் சாயந்திரம் வந்து எடுத்துப்போகிற ரகம் அல்ல. ஸ்டூல் போட்டாலும் உட்கார மாட்டார். மெக்கானிக்கின் இடது தோளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நிற்பார்.

செல்போனில் டார்ச் அடிப்பார். மெக்கானிக்குக்கு வெளிச்சம் வேண்டிய இடத்தில் அல்ல, தனக்குச் சந்தேகம் உள்ள இடத்தில். அக்கம்பக்கத்துக் கடை ஆயிலை நம்ப மாட்டார், ஜி.பி. ரோடுவரை போய் வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவருவார். கழற்றிய ஹோஸ், சீல், வாஷர் எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போவார். மொட்டை மாடி ரூமில் இன்னொரு குவாலிஸ் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துவருவதாக அவர் வீட்டம்மாவே சொல்லியிருக்கிறார்.

"தம்பி, டைட் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"இன்னும் ஒரு கால் சுத்து?"

"மரை போயிடும் சார்."

இந்த உரையாடல் ஒரு போல்ட்டுக்கு ஒரு முறை நடக்கும்.

என் வண்டிக்கு ஹார்ன் மாற்றப் போன அன்றுதான் அவருடைய பொற்காலத்தை நான் நேரில் கண்டேன். அவருடையது 2004 மாடல் குவாலிஸ். வயதான பவர் ஸ்டீயரிங் ஹோஸ் ஒழுகி, புதுசு போட்டாகிவிட்டது. ஆனால் ஸ்டீயரிங்கை வளைத்தால் காதோரம் கொசு மாதிரி 'ங்ங்ங்' என்று சத்தம். "ஏர் நிக்குது சார்" என்றார் மெக்கானிக்.

ஆயிலை எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காது. காற்று சுருங்கும். பம்ப் தள்ளுகிற தள்ளு சக்கரத்துக்குப் போகாமல், நடுவில் நிற்கும் குமிழியை நசுக்குவதிலேயே பாதி செலவாகிவிடும். பிரேக்காக இருந்தால் நிப்பிளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றலாம். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கு அந்த வசதி கிடையாது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஆயில் டப்பா மூடியைத் திறந்து, இன்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும். காற்று தானாக மேலே வரும். வரும்போதுதான் வரும். திருப்ப ஒருவர், டப்பாவைப் பார்த்து ஆயில் ஊற்ற ஒருவர்.

ஷெட்டுப் பையன் லீவு. மெக்கானிக் மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "சார், உள்ள போய் உக்காருங்க."

இருபது வருஷம் காத்திருந்த அழைப்பு. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். சிறிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மாதிரி. சீட்டில் அமர்ந்த பிறகுதான் நிலைமை புரிந்தது. எதிரே திறந்து நிற்கும் பானெட். அதன் பெயின்ட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வண்டியில் நடக்கும் வேலையை அவரால் பார்க்க முடியவில்லை!

"வருதா தம்பி?"

"வருது சார். மெதுவா."

"பெருசா வருதா, சின்னதா வருதா?"

பதில் இல்லாததால் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பேச ஆரம்பித்தார். 1926லேயே பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க இன்ஜினீயர் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிவிட்டாராம். 1951இல்தான் கிரைஸ்லர் இம்பீரியலில் கடைக்கு வந்ததாம். "நாங்க ஓட்டுன அம்பாசடர்ல தோள்பட்டைதாம்ப்பா பவர் ஸ்டீயரிங்!" தகவல்கள் சரிதான். ஆனால் சரித்திரம் சூடுபிடிக்க, கையும் வேகம் பிடித்தது.

"சார், நிறுத்துங்க!"

சிவப்பு ஆயில் நுரைத்து ரோஸ்மில்க் ஆகியிருந்தது. இனி நுரை அடங்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. அரைமணி நேரம் போனது. எல்லாருக்கும் டீ அவர் செலவு.

இரண்டாவது முறை வாயைத் திறக்கவில்லை. இருபது திருப்பு. பிறகு இன்ஜினைப் போட்டு இன்னும் சில. "கோடியில புடிச்சு வெச்சுக்காதீங்க சார், பம்ப் சூடாயிடும்" என்றதற்குக்கூட மறுபேச்சு இல்லை. கொசுச் சத்தம் போயிற்று. பில்லில் லேபர் சார்ஜைப் பார்த்தவர், "பாதி நான்தானே செஞ்சேன்?" என்றார். மெக்கானிக் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவர் மகன் இப்போது புதுக் கார் வாங்கியிருக்கிறார். எலக்ட்ரிக் ஸ்டீயரிங். ஆயிலும் இல்லை, ஏரும் இல்லை. அப்பா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பேசாமல் மூடினாராம்.

உங்களிடம் பழைய வண்டி இருந்து, வளைக்கும்போது 'ங்ங்ங்' என்றால், ஞாயிறு காலை வேலப்பன்சாவடிக்குக் கொண்டுவாருங்கள். திருப்ப ஆள் தயாராக இருக்கிறார். டீ மட்டும் உங்கள் செலவு.