வாயைத் திறந்தால் வாடகை ஏறும்

மதுரையிலிருந்து இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவனுக்கு முகம் ஒரு வரம். கண்டி பஸ்ஸில் கண்டக்டர் என்னைச் சிங்களத்திலேயே அதட்டுவார். நான் தலையாட்டுவேன். மிச்சக் காசு சரியாக வந்துவிடும். வீடு தேடும்போதுதான் பேசித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

பெனிதெனியவில் ஒரு வீட்டுக்காரர், என் தமிழைக் கேட்டதும், "தம்பி இந்தியாவா?" என்று மலர்ந்தார். விஜய் படம், திருப்பதி தரிசனம், சென்னையில் மச்சானுக்கு நடந்த ஆபரேஷன் எல்லாம் பேசி, பிளேன்டீ கொடுத்து, தரகரிடம் சொல்லியிருந்த வாடகையை ஒன்றரை மடங்காக்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தலதா மாளிகையில் உள்ளூர்க்காரருக்கு டிக்கெட் கிடையாது, வெளிநாட்டுக்காரருக்கு உண்டு. பேராதனைப் பூங்காவிலும் இரண்டு விலை. கும்பிடவும் மரம் பார்க்கவும் இரண்டு விலை உள்ள ஊரில் கட்டிலுக்கு மட்டும் ஒரே விலை கேட்பது பேராசை.

விடுதி? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே போதவில்லை. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று பொன்னம்பலம் அருணாசலம் 1906இல் சங்கம் தொடங்கினார். அது வந்தது 1942இல். வந்த பிறகும் பேராதனையில் கட்டடம் எழும்பும்வரை கொழும்பில்தான் ஒண்டுக்குடித்தனம். பெரும்பகுதி இங்கே குடிவந்தது 1952இல். எலிசபெத் மகாராணி முன்னிலையில் அவர் கணவர் பிலிப் வந்து திறந்துவைக்க 1954 ஆயிற்று. பல்கலைக்கழகத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவன் அவசரப்படலாமா? அருணாசலத்தின் பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு விண்ணப்பம் போட்டுவைப்பேன்.

தரகர் ஒரு யோசனை சொன்னார். "நீங்க வாயே திறக்காதீங்க தம்பி. தொண்டை கட்டியிருக்குன்னு நான் சொல்லிக்கிறேன்."

அடுத்த வீடு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடையது. தனி வாசல், தனி பாத்ரூம், ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை. தொண்டை விஷயம் கேட்டதும் டீச்சர் பதறி உள்ளே ஓடினார். கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய கப்பில் வந்தது. "ஊதிக் குடிங்க மகன்." ஒரு மிடறுதான். உள்நாக்கு வெந்து, "ஆத்தாடி!" என்று மதுரை முழுவதும் வெளியே வந்துவிட்டது. தரகர் கூரையைப் பார்த்தார். டீச்சர் கப்பைப் பார்த்தார். தொண்டை உடனே குணமானதில் அவருக்குச் சந்தோஷம்தான். வாடகை மட்டும் கொஞ்சம் ஏறியது.

கடைசியில் ஹந்தானை வீதியில், திரீவீல் மூச்சுவாங்கி நின்றுவிடும் இடத்துக்கும் மேலே, ஓர் அறை அமைந்தது. கண்டியில் ஏற ஏற வாடகை இறங்கும். மழை நாளில் அட்டைகள் இலவசம். அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர், ஏதோ மறந்ததுபோல் என்னைக் கூப்பிட்டார்.

"பெரஹெரா ஊர்வலம் வருதில்ல தம்பி. கும்பல் அஞ்சு நாள், ரந்தோலி அஞ்சு நாள். அந்தப் பத்து நாளும் ரூமை வெள்ளைக்காரங்களுக்கு நாள் வாடகைக்குக் குடுத்துருவோம். நீங்க ஊருக்குப் போயிட்டு வந்துருங்க."

"என் சாமான்?"

"அது இருக்கட்டும். அதுக்குத் தனியா காசு வேணாம்."

அந்த மாத வாடகையில் பத்து நாளைக் கழிப்பாரா என்று கேட்டேன். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.