அழிக்கும் பட்டனுக்கு ஒரு விளக்கவுரை

ஏஐ ஏஜென்டுக்கு டெலிட் கருவியைக் கொடுத்துவிட்டு, பக்கம் பக்கமாக விளக்கம் வேறு எழுதுகிறார்களே! அழிக்கத் தெரியாதா அதற்கு?

அழிக்கத் தெரியும்; எதை என்று தெரிய வேண்டாமா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அவருக்காவது திரையைப் பார்த்துத் திடுக்கிட முடிந்தது. ஏஜென்டுக்குக் கருவியின் விளக்கம்தான் கண். எது அழியும், அதோடு சேர்ந்து எது போகும், மீட்க முடியுமா, யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட் ஒரு டேட்டாபேஸை அழித்துவிட்டு, மீட்கவே முடியாது என்றும் சொன்னது. மீட்க முடிந்தது!

எழுதிவைத்தால் மட்டும் கேட்குமா என்பீர்கள். நியாயம்தான், எதையும் மாற்றாதே என்று அந்த ரெப்லிட் ஏஜென்டிடமும் சொல்லித்தான் இருந்தார்கள். அதனால் விளக்கத்தோடு அனுமதிப் பூட்டும் பேக்கப்பும் கட்டாயம் வேண்டும். எதுவும் சொல்லாமலே விட்டால்? ஏஜென்டுகளுக்கான எம்சிபி நெறிமுறையில், தரவை மாற்றக்கூடிய கருவி தன்னைப் பற்றி வாயே திறக்காவிட்டால், அது அழிக்கக்கூடியது என்றே கொள்ளப்படும்.