காரமே இல்லை!

எங்கள் வீட்டில் அதிகம் பொய் சொல்லப்படும் இடம் சாப்பாட்டு மேஜை. அதிகம் சொல்லப்படும் பொய், "காரமே இல்லை."

மனைவி சொல்வாள், மாமியார் சொல்வார், மச்சினன் வாயில் அடைத்துக்கொண்டே சொல்வான். மூவர் நெற்றியிலும் பொட்டு வியர்வை இருக்காது என்பதால் பொய் என்று அடித்துப் பேசவும் வழியில்லை. அவர்கள் நாக்குக்கு அது சத்திய வாக்கு. நான் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம், மனைவி விருதுநகர். பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொன்ன ஜோசியர் குழம்புப் பொருத்தத்தை விட்டுவிட்டார்.

எங்கள் பக்கம் அரிசிம்பருப்புச் சோறும் அதன்மேல் நெய்யும். பச்சைப்பயறு கடைசல். கறிக்குழம்பென்றாலும் தேங்காய் அரைத்து ஊற்றாமல் இறக்க மாட்டோம். மிளகாயும் போடுவோம்தான், தாளிக்கும்போது ரெண்டு கிள்ளிப் போட்டு, சாப்பிடும்போது அதையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவோம். அவர்கள் பக்கத்தில் நொறுக்குத் தீனியே சாத்தூர் காராச்சேவு. அதையும் காபியோடு சாப்பிடுவார்கள். சுடச்சுட.

"பெரிய கொங்கு நாடு! அப்போ பள்ளிபாளையம் சிக்கன் எந்த ஊராம்?" என்பாள் மனைவி. வரமிளகாயைக் கை நிறைய அள்ளிப் போட்டு, தேங்காய்ச் சில்லோடு வதக்கும் அந்தப் பதார்த்தம் எங்கள் ஈரோட்டுக்கு அக்கரையில் பிறந்தது என்பதை நான் மறைக்க முடியாது. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அதற்கு மிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டுத்தான் போடுவார்கள். மிளகாயின் காரம் பெரும்பாலும் விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. விதையை உதறும்போது நரம்பும் பாதி போய்விடும். பார்வைக்குப் பயங்கரம், உள்ளே சாது. எங்கள் ஊர் ஆட்களும் அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

காரம் குறைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இந்த நாட்டில் மரியாதை கிடையாது. காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றால், "சுகரா சார்?" என்று பரிவாக விசாரிக்கிறார்கள். உப்பைக் குறைத்தால், "பிரஷரா? உடம்பைப் பாத்துக்குங்க." காரம் கம்மியா வேணும் என்று ஒரு மெஸ்ஸில் கேட்டேன். "குழந்தைக்கா சார்?" என்றார் பரிமாறுகிறவர். என்னுடன் குழந்தை யாரும் வந்திருக்கவில்லை. "எனக்குத்தான்" என்றதும் அவர் முகத்தில் ஓர் இரக்கம் தெரிந்தது. சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "மாஸ்டர், ஒரு சுக்கா, காரம் கம்மி!" என்று கூவியதில் கடையே திரும்பிப் பார்த்தது. வந்த சுக்காவில் ஒரு துண்டை வாயில் வைத்ததும் காது அடைத்தது. "அது மிளகுக் காரம் சார், ஒண்ணும் செய்யாது" என்று சமாதானம் சொல்லிவிட்டு, ஆவி பறக்க ஒரு டம்ளர் சுடுதண்ணி கொண்டுவந்து வைத்தார்.

அந்தச் சுடுதண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பில்தான் கரையும், அதனால்தான் தயிரும் பாலும் கைகொடுக்கின்றன. அதைவிடக் கொடுமை, வெந்நீர் பட்டால் எந்த நரம்பு 'சுடுது' என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறதோ அதே நரம்புதான் கேப்சைசின் பட்டாலும் 'சுடுது' என்று அனுப்புகிறது. இரண்டுக்கும் அந்த நரம்பில் இருப்பது ஒரே கதவு. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு போனால் அந்தக் கதவு தானாகவே திறக்கும். மிளகாய் பட்டால் சூடே இல்லாமல் திறக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மெஸ்ஸில் பார்த்துக்கொண்டேன். (மிளகும் அதே கதவைத்தான் தட்டுகிறது. "ஒண்ணும் செய்யாது" என்றாரே, அவரிடம் இதைச் சொல்ல அன்றைக்கு எனக்குக் குரல் எழும்பவில்லை.)

பறவைகளுக்கு அந்தக் கதவு இருந்தும் மிளகாய்க்குத் திறப்பதில்லை. கிளி பழுத்த மிளகாயை ஆற அமரக் கொறிப்பது அதனால்தான். மச்சினன் விஷயத்தில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு.

காரத்தை அளக்க ஒரு கருவி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று யோசித்தேன். அமெரிக்காவில் ஒருவர் எனக்கு முன்பே யோசித்திருக்கிறார். வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளுநர் 1912-ல் ஒரு வழி கண்டார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஐந்து பேருக்குக் கொடுப்பது. அவர்களில் பெரும்பான்மையோர் "காரம் தெரியவில்லை" என்று சொல்லும்வரை தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவது. எத்தனை மடங்கு தண்ணீர் பிடித்ததோ அதுதான் அந்த மிளகாயின் மதிப்பெண். குடமிளகாய்க்குப் பூஜ்யம். 2023-ல் கின்னஸில் ஏறிய 'பெப்பர் எக்ஸ்' மிளகாய்க்கு 26 லட்சத்து 93 ஆயிரம். இப்போது நாக்கை நம்பாமல் இயந்திரத்தில் அளக்கிறார்கள். நம்பாதது நியாயம்தான். அந்த ஐந்து பேராக மாமனார், மாமியார், மனைவி, மச்சினன், நான் என்று உட்கார்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் வேலை இருந்திருக்காது. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மாமியார் வீட்டு மீன்குழம்பு குடமிளகாய்க்குச் சமம் என்று உலகத்துக்கு அறிவித்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் கறிக்கடைகள் இந்த விஷயத்தில் நம்மைவிட நாகரிகமானவை. பெரும்பாலும் வங்கதேசத்துக்காரர்கள் நடத்தும் கடைகள். அங்கே பெயரே அளவுகோல்: குர்மா என்றால் பயமில்லை, 'மெட்ராஸ்' என்றால் காரம், 'விண்டலூ' அதற்கும் மேலே, 'ஃபால்' என்றால் வீட்டுக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்த மெட்ராஸ் கறியை மயிலாப்பூரிலோ மண்ணடியிலோ யாரும் சமைத்ததாகத் தெரியவில்லை. போகட்டும். உட்காரும்போதே எச்சரித்துவிடுகிறார்களே, அது போதும்.

மாமனாரிடம் இதையெல்லாம் சொன்னால், "பரம்பரை பரம்பரையா இப்படித்தான் மாப்பிள்ளை சாப்பிடுறோம்" என்பார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1498-ல் வாஸ்கோட காமா வந்து இறங்கிய பிறகு போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, அதற்கு முன்னால் நம் முப்பாட்டன்களுக்கு மிளகுதான் என்று சொன்னேன். மிளகாயை அண்டவிடாமல் மிளகு போட்டே திவசச் சமையல் செய்கிற வீடுகள் இன்றும் உண்டு. பரம்பரையே நேரில் வந்து சாப்பிடுகிற நாளில் மிளகாய்க்கு இலையில் இடமில்லை, பாருங்கள் என்று மடக்கினேன். அவர் அசரவில்லை. "அவங்க செத்தவங்க மாப்பிள்ளை. உயிரோட இருக்கிறவனுக்குக் காரம் வேணும்."

எங்கள் தரப்புக்கு ஒரே பலம் என் அம்மா. பங்குனி வெயிலில் மிளகாய்த்தூள் அரைக்கிற சமயம் பார்த்து ஊரிலிருந்து வந்துவிடுவார். போன முறை மொட்டைமாடியில் மிளகாய் ஒரு வேட்டியிலும் மல்லி ஒரு வேட்டியிலும் காய்ந்துகொண்டிருந்தன. மாமியார் ஒரு ராமநாதபுரம் முண்டு மிளகாயைக் காம்பைப் பிடித்து எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே விதை கலகலத்தது. "காஞ்சிருச்சு."

"மல்லி ஒண்ணுக்கு ரெண்டு போடுவீங்கல்ல சம்பந்தி?" என்று அம்மா ஆரம்பித்தார். "எங்கூர்ல அப்படித்தானுங்க. வாசமா இருக்கும்."

"ஒண்ணுக்கு ஒண்ணு போட்டாத்தான் குழம்புன்னு இருக்கும். ரெண்டு போட்டா ரசப்பொடிதான் வரும்."

மில்லுக்குப் போகும்வரை பேச்சுவார்த்தை நடந்தது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் கோதுமை டப்பாவோடு நின்றவர், மிளகாயைப் பார்த்ததும் எங்களுக்கு முன்னால் போய்க்கொள்ள அனுமதி கேட்டார். மில்காரர் தும்மலுக்கு நடுவே, "சீக்கிரம் சொல்லுங்கம்மா, எத்தனை மல்லி?" என்று அதட்டியதில், கிலோ மிளகாய்க்கு ஒன்றரைக் கிலோ என்று உடன்பாடு ஆனது. எனக்கு வெற்றிப் பெருமிதம். வீட்டுக்கு வந்ததும் மாமியார் தனி மிளகாய்த்தூள் டப்பா ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கி, புதுப் பொடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அந்தப் பொடியில் மீன்குழம்பு. குழம்பின் மேல் எண்ணெய் செக்கச்செவேல் என்று மிதந்தது. முதல் உருண்டையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தத் தனி டப்பா திறக்கப்பட்டிருக்கிறது. அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு மூக்கு சிவந்து, கண் கலங்கி, முந்தானை மேலே போய்க்கொண்டிருந்தது. இனி அம்மா பேசுவார், ஐம்பது வருஷம் சமைத்த கை சொன்னால் யாரும் மறுக்க முடியாது என்று காத்திருந்தேன்.

"என்ன சம்பந்தி, காரமா இருக்கா?" என்றார் மாமியார்.

"அய்யோ, காரமே இல்லைங்க சம்பந்தி. ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் அம்மா.

மாமியார் முகம் மலர்ந்து அம்மா தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார். அப்படியே கரண்டி என் பக்கமும் வந்தது.