டிராயிங் பீரியடு என்னும் கொடைவள்ளல்

கர்ணனுக்குப் பிறகு இந்த மண்ணில் கொடைவள்ளல் பிறக்கவில்லை என்று புலம்புகிறவர்கள், நம் உயர்நிலைப் பள்ளிகளின் கால அட்டவணையைப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை: ஓவியம். கணக்கு வாத்தியார் வாசலில் வந்து தொண்டையைச் செருமினால் போதும், கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி அந்த நாற்பது நிமிடத்தையும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் இந்தச் சங்கடமும் கிடையாது. ஐந்து பாடம், 500 மதிப்பெண். ஓவியம் அதில் இல்லாததால் கேட்டு வாங்கும் கூச்சம் யாருக்கும் இல்லை.

கொடுத்ததுபோக மிஞ்சிய வகுப்புகளில் கற்றுக்கொண்டதையும் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். நான் படித்தது நாகப்பட்டினம் பக்கம். சூரியன் தினமும் கடலுக்குள்ளிருந்துதான் எழுந்து வரும். அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய், இரண்டு மலைகளுக்கு நடுவே அதை உதிக்க வைப்போம். மலையென்று ஒன்றை எங்கள் வகுப்பில் ஒருவனும் பார்த்ததில்லை. ஒருமுறை புத்தி பிசகிக் கடலையே வரைந்துவிட்டேன். "மலை எங்கடா?" என்று சார் கேட்டார். கண்ணால் காண்பது மாயை என்று ஞானிகள் ஆயுள் முழுக்கத் தவமிருந்து கண்டதை, ஆறாம் வகுப்பிலேயே ஒரு குட்டோடு எனக்கு அருளிய மகான் அவர். கிரேயான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று ஒன்று இருக்கும், வெளிறிய ரோஜா நிறத்தில். எங்கள் வகுப்பில் ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இல்லை. ஆனாலும் காந்தி முதல் காய்கறிக்காரி வரை எல்லோருக்கும் அதைத்தான் பூசினோம். சமத்துவம் என்றால் அது.

அரசின் பரிவையும் மறக்கக் கூடாது. 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். அப்போது வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் தரவில்லை. கோடையில் கலைஞர்களுக்குப் பசிக்காது என்ற நுட்பமான உண்மையைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலையே வைக்கலாம். (அதற்கு வர்ணம் அடிக்கவும் ஓவிய ஆசிரியரைத்தான் கூப்பிடுவார்கள்.) வந்த ஆசிரியர் சும்மா இருந்துவிடாதபடியும் பார்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழ்களில் பெயர் எழுதுவது, ஆண்டு விழா மேடைக்குத் தெர்மாகோல் வெட்டுவது, அதிகாரி வரும் நாளில் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் 'வருக வருக' தீட்டுவது, டெங்கு கொசுவைச் சுவரில் ஏற்றுவது என்று கைக்கு ஓய்வே கிடையாது. இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் அது கொடுமையல்லவா?

ஒளிப்படக்கலையில் நம் நிதானத்துக்கு ஈடே இல்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் மெட்ராஸில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். சில ஆண்டுகளுக்குள் அங்கே போட்டோ எடுக்கவும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவசரக்காரர்கள். கண்ணாடித் தகட்டையும் ரசாயனத்தையும் சுமந்து திரிந்த காலம் அது. இப்போது வீட்டுக்கு இரண்டு கேமரா செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துக்கொண்டு பெற்றோரை வரச்சொல்கிறோம்.

ஊசித்துளைக் கேமரா அறிவியல் பாடத்தில் வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஒரு அட்டைப்பெட்டி, ஓர் ஊசி, எண்ணெய் தடவிய தாள் இருந்தால் செய்துவிடலாம். ஆனால் செய்து, எதிரே நிற்கும் வேப்பமரம் தாளில் தலைகீழாக விழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தித் தொலைத்தால் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு. அதனால் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவு பெருந்தன்மை! எம். பழனி குமார் என்ற ஒளிப்படக்காரருக்கு இந்தப் பக்குவம் போதவில்லை. தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துவிடுகிறார். அவர்களும் மலையையும் சூரியனையும் விட்டுவிட்டு அம்மா அப்பா வேலை செய்வதைப் படம் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

பள்ளிகளில் போட்டோவே எடுப்பதில்லை என்று மட்டும் யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. கை கழுவும் தினம், உறுதிமொழி, மரக்கன்று என்று எதுவும் ஜிபிஎஸ் படம் இல்லாமல் நடப்பதில்லை. தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அடியில் பளிச்சென்று இருக்கும். மரக்கன்றைப் பதினோரு பேர் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, யார் முகம் இருட்டில் கிடக்கிறது என்பதெல்லாம் மேலிடம் கேட்காத விவரங்கள்.

போன வாரம் தங்கை மகள் தன் பள்ளியில் நடந்த ஓவிய வகுப்பின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் நோட்டை விரித்துத் தலைகுனிந்து, பென்சிலும் கையுமாக இருந்தார்கள். அடியில் எங்கள் ஊரின் அட்சரேகை, பிற்பகல் 3.20. பின்னால் கரும்பலகையில் பாதி அழிந்த இருபடிச் சமன்பாடு.

"என்னம்மா வரைஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"போட்டோ எடுத்ததும் சார் கணக்கைத் தொடர்ந்துட்டாரு மாமா" என்றாள்.