கட்டைவிரலுக்கு ஒரு பிரதட்சணம்

என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதே தவிர, அதற்கு வேலை இல்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஓ.டி.பி. கேட்கிறார். கூரியர்க்காரர் போனை நீட்டி, கண்ணாடி மேல் விரலால் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அங்கே விழும் கோணல் கோட்டை என் கையெழுத்தென்று நானே கோர்ட்டில் ஒப்புக்கொள்ள மாட்டேன். செக் புத்தகம் பீரோவில் பழைய சீட்டுக் கம்பெனி ரசீதுகளோடு தூங்குகிறது.

இப்படிச் சும்மா கிடந்த பேனாவுக்கு வேலை கொடுத்தவன் என் அக்கா பையன். பிளஸ் ஒன் படிக்கிறான். அதாவது புத்தகம் திறந்திருக்கும். அவன் வலது கையில் ஒரு பேனா தன்பாட்டுக்குக் கட்டைவிரலை வலம்வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. அதை அவன் பார்க்கக்கூட இல்லை. அந்த அலட்சியம்தான் என்னைக் கவிழ்த்தது. ஐம்பது வயதுக்குள் மனிதனுக்குப் பணம் வரலாம், பதவி வரலாம், சர்க்கரையும் வரலாம். அந்த மாதிரி அலட்சியம் மட்டும் வருவதே இல்லை.

"இதுக்குப் பேரு தம்ப் அரவுண்ட், மாமா. எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க" என்றான்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் நடுவே பேனாவைப் பிடித்துக்கொண்டு, நடுவிரலால் மட்டும் உள்ளங்கைப் பக்கமாக ஓர் இழுப்பு. பேனா கட்டைவிரலின் முதுகை உரசிக்கொண்டு ஒரு பிரதட்சணம் வந்து, மறுபடி ஆள்காட்டிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் சேர்ந்துவிடும். சொல்ல இவ்வளவுதான். செய்து பார்த்தால், பாதி வழியில் ஆள்காட்டி விரலில் முட்டிக்கொண்டு நிற்கும். நிற்காவிட்டால் சாம்பாருக்குள் போகும். வாழ்நாளெல்லாம் அடுத்தவனைச் சுட்டிக்காட்டியே பழகிய விரல் அது. கொஞ்சம் ஒதுங்கி வழிவிடு என்றால் விடுமா?

"தள்ளிக்கிட்டே இருக்காதீங்க மாமா. ஒரு தடவ தள்ளிட்டு விட்ருங்க. அதுவா சுத்தும்."

இதே உபதேசத்தைக் கீதையில் வேறு வார்த்தைகளில் படித்திருக்கிறேன். அங்கேயும் எனக்குப் பிடிபடவில்லை.

கட்டில் மேல் உட்கார்ந்து பழகச் சொன்னான். மெத்தையில் விழுந்தால் பேனா உடையாது, கீழ்வீட்டுக்காரரும் மேலே வந்து கதவைத் தட்ட மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் கட்டில்மேல் சம்மணம் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனாவை முறைத்துக்கொண்டிருக்கும் கணவனைப் பார்த்தால் எந்த மனைவிதான் பதற மாட்டாள்? "ஏங்க, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்றாள், மெதுவாக. ஆமாம் என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

பிரச்சினை என் விரலில் இல்லை, பேனாவில்தான் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் தலைமுறைக்கே சோறு போட்ட வெள்ளை உடம்பு, நீல மூடி ரெனால்ட்ஸ் 045 இருக்கிறதே, அது லேசு. இழுத்தால் வெடுக்கென்று கிளம்பி, தனக்குத் தோன்றிய திசையில் போகும். மூடியைப் பின்னால் மாட்டினால் கனம் அந்தப் பக்கம் சாயும். மையூற்றுப் பேனாவைப் பற்றிப் பேச வேண்டாம். அதைப் பற்றி எங்கள் படுக்கையறைச் சுவர் பேசும். சுற்றும் பேனாவுக்குக் கனம் இரண்டு முனைகளிலும் சமமாக இருக்க வேண்டும், நடுவில் விரல் வைத்தால் தராசுக்கோல் நிற்பதுபோல் நிற்க வேண்டும். அப்போதுதான் சோம்பலாகக் கிளம்பினாலும், கிளம்பியபின் சீராகச் சுற்றும். பிளஸ் ஒன்னில் நிலைமத் திருப்புத்திறன் என்று ஒரு பாடம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். அதன் அர்த்தம் இப்போதுதான் கட்டைவிரல் வழியாக உள்ளே போனது.

ஜப்பான், கொரியா, தைவான் பக்கம் பேனா சுற்றுவது பெரிய விவகாரம். ஜப்பானில் நுழைவுத் தேர்வில் தவறி, அடுத்த வருஷத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் கைவேலை என்றே இதைச் சொல்வார்கள். கொரியாக்காரர்கள் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும் சைன்பேனாவை அறுத்து ஒட்டி, இரண்டு முனையிலும் மூடி மாட்டி, சுற்றுவதற்கென்றே நீளமான பேனா செய்தார்கள். பரீட்சைக்கு வாங்கிய ஆயுதத்தாலேயே பரீட்சையைக் கெடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கனம் இருக்கிறது. உலகப் போட்டிகூட உண்டு. யாரும் விமானம் ஏறுவதில்லை. கையை மட்டும் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். முகத்தைக் காட்டாமலே புகழ்பெற வழி இருப்பது என் போன்றவர்களுக்கு ஆறுதல்தான்.

இப்படி அறுத்து ஒட்டிய பேனாக்களில் பெரும்பாலும் ரீஃபில் இருக்காது. எழுதாது. எழுதுகிற பேனாவுக்கு எப்போதும் தலைக்கனம் ஒரு பக்கமாகவே இருப்பதால் அது ஒழுங்காகச் சுற்றாது என்றான் பையன். பத்திரிகைக்கு எழுதுகிற மாமாவைப் பார்த்துத்தான் சொன்னான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பேனா சுற்றுகிறவர்கள் விரல்களுக்கு நம்பர் போட்டுப் பேசுகிறார்கள். ஆள்காட்டி ஒன்று, நடுவிரல் இரண்டு, மோதிரவிரல் மூன்று, சுண்டுவிரல் நான்கு. ஃபிங்கர்பாஸ் என்ற வித்தையில் பேனா ஒன்று-இரண்டின் இடுக்கிலிருந்து இரண்டு-மூன்றுக்குப் போய், அங்கிருந்து மூன்று-நான்குக்குப் போய்த் திரும்ப வேண்டும். என் விஷயத்தில் மூன்றாம் நம்பர் ஒத்துழைக்கவில்லை. மோதிரவிரலின் தசைநார் பக்கத்து விரல்களோடு பின்னிக் கிடப்பதால் அது தனியாக நிமிர முடியாதாம். எனக்கு வேறு சந்தேகம். கல்யாணத்தன்று மோதிரத்தை வாங்கிக்கொண்டதோடு தன் கடமை முடிந்ததென்று அது உட்கார்ந்துவிட்டது. சார்ஜ் என்ற வித்தை மட்டும் தேவலை. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கி, கை விடாமலே கூம்பு வடிவில் சுற்றினால் போதும். விழாது. விழாததாலேயே அதில் மரியாதையும் இல்லை.

தம்ப் அரவுண்ட் ஒருநாள் வந்தேவிட்டது. வந்த வித்தையை நாலு பேர் பார்க்க வேண்டாமா? அந்த நாலு பேர் எனக்கு ஒரு வங்கிக் கவுன்ட்டரில் கிடைத்தார்கள். கே.ஒய்.சி. படிவம் நிரப்பக் காத்திருந்தபோது, மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, எங்கோ பார்த்துக்கொண்டு, அந்த அலட்சியத்தோடு ஓர் இழுப்பு இழுத்தேன். அப்பழுக்கில்லாத சுற்று. ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றினேன், மூன்றாகவும். வங்கிப் பேனாவுக்கு வால் உண்டு என்பது கட்டைவிரல் நீலம் பாரித்தபிறகே நினைவுக்கு வந்தது. சணல் கயிறு. மறுமுனை மேஜைக் காலில். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் கயிற்றைப் பிரித்துவிட்டு, "பேனாவ எடுத்துட்டுப் போறவங்களுக்காகத்தான் தம்பி கட்டிருக்காங்க" என்றார். என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார். நல்லவேளை, உண்மையை ஊகிக்கவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். பையனுக்குப் பிசிக்ஸில் மார்க் போய்விட்டதாம். வகுப்பில் பேனாவைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான் என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"எங்கேடா கத்துக்கிட்டேன்னு கேட்டேன். மாமா கட்டில்ல உக்காந்து நாள் பூரா இதத்தாம்மா பண்றாருங்கறான். ஏன்டா, வயசு ஆக ஆக உனக்குப் புத்தி எங்கடா போகுது? படிக்கிற பிள்ளைய ஏன்டா கெடுக்கிற?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனை அவனிடமே கொடுத்துவிட்டாள். "பரவால்ல மாமா, விடுங்க" என்றான் பெருந்தன்மையாக. "அடுத்த வித்தை சோனிக். லீவுல வர்றேன்."