சனிக்கிழமைத் தீபாவளி

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குச் சென்றிருக்கும் தமிழ் மாணவரைப் பற்றி ஊரில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அவர் இரவுபகலாக ஆய்வகத்தில் அடைபட்டு, குளிரையும் அரைவேக்காட்டு உருளைக்கிழங்கையும் பொறுத்துக்கொண்டு படிக்கிறார் என்பது பெற்றோரின் கருத்து; அவர் படிப்பதாகவே தெரியவில்லை, வாரம் ஒரு நாட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார் என்பது அவருடைய வாட்ஸாப் ஸ்டேட்டஸைத் தவறாமல் பார்த்துவரும் சித்தப்பாக்களின் கருத்து. இரு தரப்பும் நம்புவது ஒன்று உண்டு. மாணவர் எங்கே போகிறார், எந்தப் பண்டிகையை எப்போது கொண்டாடுகிறார் என்பவற்றை அவரே முடிவு செய்கிறார் என்பதுதான் அது. உண்மையில் அவற்றை முடிவு செய்பவை ஒரு வங்கிக் கணக்கும், ஒரு ரயில் சீட்டும், அந்நாட்டுச் சட்டங்களில் சிலவும் ஆகும்.

முதலில் வங்கிக் கணக்கு. ஜெர்மனியில் படிக்கும் அயல்நாட்டு மாணவர்களில் 2022-23 முதல் இந்தியரே முதலிடத்தில் இருக்கின்றனர். விசா பெறும்போது இவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை, 'முடக்கக் கணக்கு' எனத்தக்க ஒன்றில் முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். பணம் மாணவருடையதுதான், ஆனால் மாதத்துக்கு 992 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க இயலாது. அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, அரிசி ஆகியவை போக எஞ்சுவதே உல்லாசத்துக்கு உரிய தொகை. அதையும் மாணவர் நூறால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, எடுத்த காப்பியைத் திரும்ப வைத்துவிடுகிறார். இப்பெருக்கல் பழக்கம் முதல் பருவத்தில் கடுமையாகவும், பகுதிநேர வேலை கிடைத்தபின் சற்றுத் தணிந்தும் காணப்படும். முற்றாக நீங்கியதாகத் தகவல் இல்லை.

இந்நிலையில் அவருக்குக் கைகொடுப்பது 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' எனப்படும் மாதச் சீட்டு. 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு நாடெங்கும் செல்லலாம் என்று ஜெர்மானிய அரசு ஒரு சீட்டை விற்றுப் பார்த்தது. அதன் வழித்தோன்றலாக 2023 மே மாதம் 49 யூரோச் சீட்டு வந்தது. 2024 கோடைப் பருவத்திலிருந்து பல பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு அதுவே மாதம் 29.40 யூரோ வீதம் கணக்கிடப்பட்டு, பருவக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கப்படலாயிற்று. (பின்னர் விலை ஏறியது, ஏறாத விலை எந்த நாட்டில் உண்டு?) இங்கேதான் மாணவரின் மனத்தில் ஒரு தலைகீழ்ப் பொருளாதாரம் உருவாகிறது. பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால், பயணம் போவது செலவு என்ற நிலை மாறி, போகாமல் அறையில் உட்கார்ந்திருப்பதே நட்டம் என்றாகிவிடுகிறது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒருவர் கோப்லென்ஸ் நகரில் ரைனும் மோசெல்லும் கூடும் துறையில் நின்றுகொண்டிருந்தால், அவரை அங்கே இழுத்துச் சென்றது இயற்கை ரசனை என்று கருதிவிடக் கூடாது.

ஆனால் அந்தச் சீட்டு வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும். ஐசிஇ முதலிய அதிவேக வண்டிகளில் செல்லாது. மேற்கு எல்லையிலுள்ள ஆகன் நகரிலிருந்து மியூனிக் செல்ல அதிவேக வண்டியில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும் என்றால், வட்டார வண்டிகளில் மாறி மாறிச் செல்லும் மாணவருக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு நிலையத்திலும் அடுத்த வண்டி காத்திருக்குமா என்ற கவலை வேறு. ஜெர்மானியர் கடிகாரத்தைப் போல நேரம் தவறாதவர் என்று ஊரில் இன்னும் நம்பப்படுகிறது; அந்நாட்டு ரயில்வேயின் கணக்கிலோ ஆறு நிமிடத்துக்குள் தாமதமாக வரும் வண்டியும் 'நேரத்துக்கு வந்த' வண்டிதான், ரத்தான வண்டி அக்கணக்கில் சேர்வதே இல்லை. இத்தனை தாராளம் காட்டியும் 2024இல் நெடுந்தொலைவு வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடே. மாற்று வண்டியைத் தவறவிட்டு, பெயர் தெரியாத சிற்றூர் நிலையத்தில் நள்ளிரவில் புளிச்சாதம் உண்ணும் மாணவர் தெற்கு ரயில்வேயைப் பற்றி முன்பு பேசிய கடுஞ்சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுகிறார்.

மியூனிக் செல்வது பெரும்பாலும் அக்டோபர் விழாவுக்காக. 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தை ஒட்டித் தொடங்கிய இவ்விழா பெயருக்கு மாறாகப் பெரும்பகுதி செப்டம்பரிலேயே நடந்து முடிந்துவிடும் என்பதால், அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குத் திட்டமிட்டு வெறும் திடலைக் கண்டு திரும்பியோரும் உளர். கூடாரங்களுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் 2024இல் ஒரு லிட்டர் பீரின் விலை 13.60 யூரோவிலிருந்து 15.30 யூரோ வரை இருந்தது. பெருக்கல் உடனே நிகழ்கிறது. ஆகவே நால்வர் செல்லும் குழுவில் ஒரு குவளை மட்டும் வாங்கப்பட்டு, அது கைமாறிக் கைமாறி நால்வரின் படங்களிலும் தோன்றும். அவற்றைக் காணும் சித்தப்பாக்கள் நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, நால்வர் வீட்டுக்கும் செய்தி அனுப்புவர்.

ஆகன் மாணவர்க்குச் செலவே இல்லாத வெளிநாட்டுப் பயணம் ஒன்றும் வாய்த்துள்ளது. நகரின் புறத்தே, நெதர்லாந்தின் வால்ஸ் ஊரையொட்டிய குன்றின் மீது, ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் ஒரு கல்லில் கூடுகின்றன. ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்துப் பகுதியின் மிக உயர்ந்த இடமும் அதுவே. உயரம் 322 மீட்டர். கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தால் மூன்று நாடுகளைக் கண்டாகிவிட்டது, நெதர்லாந்தின் உச்சியையும் தொட்டாகிவிட்டது. இரண்டையும் தனித்தனிப் பதிவாக இட்டால் இரண்டு வாரத்துக்குத் தாங்கும்.

பண்டிகைகளுக்கு வருவோம். அயலகத் தீபாவளி ஐப்பசி மாதச் சதுர்த்தசியில் வருவதன்று. மாணவர் சங்கத்துக்கு வாடகை மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமையில் வருவது. அச்சனிக்கிழமை உண்மைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பும் இருக்கலாம், கார்த்திகை தீபத்தை நெருங்கியும் இருக்கலாம். 2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி, வியாழக்கிழமை வந்தது. மறுநாள் அனைத்துப் புனிதர்கள் பெருவிழாவுக்காக ஆகன் அடங்கிய வடரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அரசு விடுமுறை. பஞ்சாங்கமும் அரசும் இப்படி ஒத்துப்போவது அரிது என்று மகிழ்ந்தோர், அந்நாள் இறந்தோரை நினைக்கும் 'அமைதி நாள்' என்பதையும், அதிகாலை 5 மணி முதல் மாலை 6 மணி வரை ஆடல்பாடல் நிகழ்ச்சிகளுக்குத் தடை உண்டு என்பதையும் பின்னரே அறிந்தனர்.

பட்டாசு விஷயம் இன்னும் சிக்கலானது. ஜெர்மானியச் சட்டப்படி வாணவெடிகள் வகைபிரிக்கப்பட்டுள்ளன. ராக்கெட், சரவெடி போன்றவை அடங்கும் இரண்டாம் வகையை ஆண்டின் கடைசி மூன்று விற்பனை நாள்களில் மட்டுமே பொதுமக்களுக்கு விற்கலாம், டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய நாள்களில் மட்டுமே வெடிக்கலாம். ஆண்டு முழுவதும் அனுமதி பெற்ற முதல் வகையில் எஞ்சுவது கம்பி மத்தாப்பு. எனவே ஊரில் பத்தாயிரம்வாலா கொளுத்திய இருபத்துநான்கு வயது இயந்திரப் பொறியியல் மாணவர், பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கும் விற்கப்படும் மத்தாப்புப் பொட்டலத்தை வாங்கிவந்து, பால்கனியில் கம்பளிக் குல்லாயுடன் நின்று, கையை நீட்டி வட்டமாகச் சுழற்றுகிறார். இரவு பத்து மணி தாண்டினால் அதையும் ஓசையில்லாமல் சுழற்ற வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு நள்ளிரவில் அதே தெரு போர்க்களமாகும்போது, அண்டை வீட்டு முதியவரே ராக்கெட் விடுவதைப் பார்த்துக்கொண்டு, நரகாசுரன் ஏன் டிசம்பரில் இறந்திருக்கக் கூடாது என்று மாணவர் வருந்துகிறார்.

தீபாவளியில் உண்மையில் வெடிப்பது ஒன்றே. அது விடுதிச் சமையலறையின் கூரையில் பொருத்தப்பட்ட புகையுணர்வி. கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கறுத்து, பெருங்காயம் எண்ணெயில் விழும் கணத்தை அக்கருவி வீடு பற்றி எரிவதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகையால் விடுதித் தாளிப்பு ஒருவர் செய்யும் வேலை அன்று. ஒருவர் கரண்டியைப் பிடிக்க, ஒருவர் நாற்காலி மேல் ஏறித் தேர்வு வினாத்தாளால் கூரையை விசிற, மூன்றாமவர் நவம்பர்க் குளிரில் சன்னலை விரியத் திறந்துவைத்து நடுங்க, நான்காமவர் கதவருகே நின்று வருவோர் போவோரிடம் ஒன்றுமில்லை என்று சிரிக்கிறார். குளியல் தொப்பியைக் கருவிக்கு மாட்டிவிடும் முறையும் உண்டு. அது விதிமீறல், பிடிபட்டால் வீட்டுக் காப்புத்தொகை பற்றிய கடிதம் வரும். மணி அலறிவிட்டால் கட்டடமே காலியாகிப் புல்வெளியில் நிற்கும். அங்கே நிற்பவர்களுக்கு வடை கொடுப்பது நல்ல வழக்கம். பல அண்டை வீட்டாரின் நட்பு இப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

பொங்கல் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. ஜனவரி நடுவில் ஆகனில் கதிரவன் எழுவதே காலை எட்டரை மணி அளவில். எழுந்தாலும் மேகத்துக்கு மேலேயே இருந்துவிடுவதால், நன்றி நம்பிக்கையின் பேரில் செலுத்தப்படுகிறது. அடுப்போ சமதளக் கண்ணாடி மின்னடுப்பு. பானை பொங்கினால் மங்கலம். பொங்கிய பாலும் வெல்லமும் கண்ணாடியில் கருகிப் பிடித்தால், வீட்டைக் காலி செய்யும் நாளில் அதற்கொரு தொகை. ஆகவே பொங்கலோ பொங்கல் என்ற குரல் எழுந்த அதே நொடியில் ஒருவர் பானையைத் தூக்கிவிடுகிறார்.

வேட்டிக்கு அந்நாட்டில் உரிய மரியாதை கிடைக்கும் விழா பொங்கல் அல்ல; கார்னிவல். கார்னிவல் என்பது கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்குமுன் ரைன் நதிக்கரை நகரங்கள் உண்டு, குடித்து, வேடமிட்டுக் களிக்கும் விழா. நவம்பர் 11ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடக்கம் அறிவிக்கப்பட்டு, சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழன் முதல் ஆறு நாள்கள் அது உச்சம் பெறும். அவ்வியாழனன்று பெண்கள் ஆண்களின் கழுத்துப் பட்டையைக் கத்தரித்துவிடுவர் என்பதால், நேர்முகத் தேர்வுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே டையை அன்று அணிவது உகந்ததன்று. திங்களன்று நடக்கும் ஊர்வலத்தில் வண்டிகளின் மேலிருந்து மிட்டாய்கள் கல்யாண அட்சதையாய்ப் பொழியும். பட்டறிவுள்ள மாணவர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து ஒரு பருவத்துக்கு வேண்டிய இனிப்பைச் சேர்த்துக்கொள்கிறார். கொலோனிலும் ஆகனிலும் 'அலாஃப்' என்றும், டுசல்டோர்ஃபில் 'ஹெலாவ்' என்றும் முழங்க வேண்டும். இடம் மாற்றி முழங்கினால் மிட்டாய் வராது. வேடம் வாங்கக் காசில்லாதவர் வேட்டி, துண்டு, நெற்றியில் திருநீறு எனப் புறப்பட்டால் (உள்ளே இரண்டு அடுக்குக் கம்பளி உண்டு) வழியெங்கும் பாராட்டுக் குவியும். எங்கே வாங்கியது என்று கேட்போரிடம் இது வேடம் இல்லை என்று விளக்க முயன்றவர்கள், மூன்றாவது தெருவுக்குள் அம்முயற்சியைக் கைவிட்டிருக்கிறார்கள்.

இவை அனைத்திலும் குரல் தாழாமல் நடக்கும் தமிழ் விழா ஒன்று உண்டென்றால் அது ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர். 1980களிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத் தமிழர் எழுப்பிய இக்கோயில், ஊன்ட்ராப் என்னும் தொழிற்பேட்டைப் பகுதியில் கோபுரத்துடன் நிற்கிறது. 2002இல் குடமுழுக்குக் கண்டது. கோடையில் தேர் வடம் பிடிக்க ஐரோப்பாவெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் திரள்வர். ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே காவடி ஆடிவரும். மாணவர் அங்கே பக்தியோடு செல்கிறார் என்பதில் ஐயமில்லை. அன்னதான வரிசையில் அவர் இரண்டாம் முறை நிற்கும்போதும் அப்பக்தி குறைவதில்லை. மண்டப முன்பதிவு வேண்டாத, புகையுணர்வி அலறாத, யாரும் வேட்டியை வேடம் என்று எண்ணாத அந்த ஒரு நாளைத் தவறவிடும் மாணவர், எத்தனை நாடுகளில் நின்று படம் எடுத்திருந்தாலும் ஜெர்மனியைச் சரிவரப் பார்த்தவர் ஆகார்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். தீபாவளிக்குப் பார்சல் அனுப்புவோர் நெய் வைக்க வேண்டாம். பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இப்படி அனுப்புவதற்குத் தடை உண்டு, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பட்டாசை நினைக்கவே வேண்டாம். இட்லிப் பொடி, வற்றல், அப்பளம் போன்றவை போதும். உள்ளே இருப்பவற்றையும் அவற்றின் மதிப்பையும் பெட்டியின் மேல் தெளிவாக எழுதுங்கள். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை.