தலை உன்னோடது, கோப்பை அவளோடது

பார்லர்க்காரி கலந்துக்கிற முடியலங்காரப் போட்டிக்கு மாடலாத் தலை குடுக்கப் போறியாமே ஆத்தா? உங்க அம்மா காலையிலேயே வந்து மூக்கைச் சிந்திட்டுப் போறா. நான் தடுக்க மாட்டேன். ஊருக்குள்ள அவனவன் கடனுக்கு ஜாமீன், கட்சிக்கு வேட்பாளர்னு கண்ட இடத்துல தலையைக் குடுக்கிறான். நீ கத்திரிக்குக் குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு? கூந்தல் இருக்கிறவ அள்ளி முடியிறா. இல்லாத நான் வழுக்கையைத் தடவிக்கிட்டு யோசனை சொல்றேன். மானாமதுரையில சலூன் வச்சு ஆயுசு பூரா அடுத்தவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அதுக்காவது கொஞ்சம் காது குடு.

மாடல்னு சொன்ன உடனே நீ கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுப் பழகுனியாம், உன் தம்பி சொன்னான். சிரிப்புக்கு அங்க மார்க் கிடையாது தாயி. நடுவருக பிடரிப் பக்கம்தான் சுத்திச் சுத்தி வருவாக. வெட்டுன கோடு ஒழுங்கா இருக்கா, சாயம் திட்டில்லாம ஏறியிருக்கா, கொண்டைக்குள்ள ஊசி பல்லைக் காட்டுதான்னு குனிஞ்சு பார்ப்பாக. உனக்கு மூஞ்சி எந்தப் பக்கம்னு கடைசியில கேட்டாலும் கேட்பாக. 2024ல பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துல வேர்ல்ட்ஸ்கில்ஸ்னு உலகத்துல இருக்கிற தொழில்காரப் புள்ளைகளுக்கெல்லாம் போட்டி வச்சாக. நம்ம முடி வேலையும் அதுல உண்டு. அந்தப் போட்டியில பெரும்பாலும் டம்மித் தலையில வச்சுத்தான் வெட்டணும். டம்மிக்குக் கொட்டாவி வராது, செல்லு நோண்டாது, ‘அக்கா, கழுத்து வலிக்குது’ங்காது. அப்பேர்ப்பட்ட டம்மி செய்யிற வேலைக்கு உன்னைத் தேடி வந்திருக்காக. பெருமைப்பட்டுக்க.

தலை குடுத்தவ கதை ஒண்ணு சொல்றேன் கேளு. கார்ல் நெஸ்லர்னு ஒரு ஜெர்மன்காரர் லண்டன்ல கடை வச்சிருந்தாரு. நேர் முடியைக் கலையாம சுருட்டி நிறுத்தணும்னு அவருக்கு ஒரு வெறி. யார் தலையில சோதிச்சாருங்கிற? கட்டின பொண்டாட்டி கத்தரினா தலையிலதான். முத ரெண்டு தடவையும் முடி பொசுங்கி, மண்டைத் தோலும் வெந்து போச்சு. இதே காரியத்தை நான் உங்க அப்பத்தாகிட்டச் செஞ்சிருந்தா இன்னிக்கு இந்தத் திண்ணையில நான் உட்கார்ந்திருக்க முடியாது. மனுசன் விடல. முறையைத் திருத்தி 1906 வாக்குல மிஷினை ஊருக்குக் காட்டுனாரு. பித்தளை உருளை பன்னெண்டு, ஒண்ணொண்ணும் ஏறக்குறைய 900 கிராம். பாரம் கழுத்தை ஒடிச்சிரக் கூடாதுன்னு மேல சரவிளக்குச் சட்டத்துல எதிர்ப்பாரம் கட்டித் தொங்க விட்டிருந்தாக. அதுக்கடியில ஆறு மணி நேரம் ஆடாம அசையாம உட்காரணும். பர்மனென்ட் வேவ்னாலே இன்னிக்கும் நெஸ்லர் பேரைத்தான் சொல்றாக. கத்தரினாவை உனக்கு இப்ப நான் சொல்லித்தான் தெரியும். அதனால மேடையில பேரு வாசிக்கிறப்ப நீ பொசுக்குனு எந்திரிச்சு நின்னுறாத. அவுக கூப்பிடுறது பார்லர்க்காரியை.

‘அப்ப ட்விக்கி?’ன்னு வாயெடுப்ப. தெரியும், நீயும் செல்லுல படிக்கிறவதானே. 1966 ஜனவரியில அந்தப் புள்ளைக்கு வயசு பதினாறு, சொந்தப் பேரு லெஸ்லி ஹார்ன்பி. லெனார்டுன்னு லண்டன்ல ஒரு பெரிய கடைக்காரருக்கு, தான் புதுசா யோசிச்ச குட்டைக் கிராப்பை வெட்டிப் பார்க்க ஒரு தலை தேவைப்பட்டுச்சு. வெட்டிச் சாயம் போட்டு முடிக்க ஏழெட்டு மணி நேரம் ஆச்சும்பாக. படம் எடுத்துக் கடையில மாட்டுனாரு. அங்க வந்த ஒரு பத்திரிகைக்கார அம்மா அதைப் பார்த்துட்டு, 66ஆம் வருசத்து முகம் இதுதான்னு டெய்லி எக்ஸ்பிரஸ்ல எழுதிப்புட்டாக. அதோட புள்ள உலகம் பூராத் தெரிஞ்ச மாடல் ஆயிருச்சு. நானும்தான் கடை நிறையப் படம் மாட்டி வச்சிருந்தேன். ஒரு பத்திரிகைக்காரியும் எட்டிப் பார்க்கல. வந்தவன் எல்லாம் படத்தைக் காட்டி, ‘இதே மாதிரி வெட்டுண்ணே’ன்னான், தலையில நாலு முடியை வச்சுக்கிட்டு.

இப்பக் காரியத்துக்கு வருவோம். நாற்காலியில உட்கார்ற வரைக்கும் நீதான் முதலாளி. கழுத்துல துணியைக் கட்டிட்டா அப்புறம் நீ சரக்கு. பேச வேண்டியதை அதுக்கு முன்னாலயே பேசிரணும். ‘லேசாத்தான் வெட்டுவேன், லேசாத்தான் கலர் பண்ணுவேன்’னு அந்தப் பார்லர்ப் புள்ள சொல்லுவா. லேசாங்கிறது எங்க தொழில்ல ஒரு அளவே இல்ல ஆத்தா. நானே அதைச் சொல்லித்தான் பாதி ஊரு கிருதாவை எடுத்தேன். விரலை வச்சுக் காட்டச் சொல்லு. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும், வருசத்துக்கு அரை அடி. உன் இடுப்புச் சடையைக் கழுத்தோட எடுத்துட்டா அது பழையபடி இறங்குறதுக்கு நாலஞ்சு வருசம் ஆகும், அதுக்குள்ள ஒரு சட்டசபைத் தேர்தல் வந்து போயிரும்.

சாயத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் கறாராப் பேசு. வெள்ளி கலர் கொண்டு வர்றேன்னு படத்தைக் காட்டுவா. நம்ம கருப்பு ஒரு உட்காரல்ல வெள்ளிக்குப் போகாது. வெளுக்க வெளுக்க முதல்ல செம்பட்டை, அப்புறம் ஆரஞ்சு, அதுக்கப்புறந்தான் மஞ்சள். நேரம் பத்தலைன்னா ஆரஞ்சுலயே நிப்பாட்டிட்டு, ‘இதுதான் இப்ப ஃபேஷன்’னு பேரு வச்சிருவாக. அவசரப்பட்டு மருந்தை வீரியமாப் போட்டா முடி இழுத்த இழுப்புக்கு ரப்பரா வரும், மண்டை எரியும். எரியுதுன்னா வாயைத் திறந்து சொல்லு, கௌரவம் பார்க்காத. சாயத்துல பிபிடின்னு ஒரு சரக்கு இருக்கும். சிலருக்கு அது ஒத்துக்காது, கண்ணு மூஞ்சியெல்லாம் வீங்கிப் போகும். 48 மணி நேரத்துக்கு முன்னால காதுக்குப் பின்னால தடவிச் சோதிச்சுப் பார்க்கணும். ‘அதுக்கெல்லாம் டைம் இல்லம்மா’ன்னு சொன்னா, ‘எனக்கும் தலை இல்லக்கா’ன்னு எந்திரிச்சு வந்துரு. போட்டி முடிஞ்சப்புறம் கலர் பிடிக்கலைன்னா காசு வாங்காமச் சரி பண்ணித் தரணும், போட்டோவை எங்கெங்க போடுவான்னு சொல்லணும். வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிக்க. கோப்பை கையில ஏறிட்டா அந்தப் புள்ள போனை எடுக்கிறது சிரமம்.

கூடுதலா முடி வச்சுப் பின்னுறேன்னு ஒரு கத்தை கொண்டாருவா. முகம் சுளிக்காத. ஏழுமலையானுக்கு மொட்டை போட்டு விழுகிற முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுது. அது டோப்பாவும் எக்ஸ்டென்ஷனுமா ஊரு உலகமெல்லாம் போகுது. உன் தலையில ஏறுறதும் ஏதாவது ஒரு புண்ணியவதி கோவிந்தா போட்டுக் குடுத்ததா இருக்கும். பரவாயில்ல, உனக்கும் பக்தி வரட்டும்.

போட்டியன்னிக்குக் காலையில வயிறு நிறையச் சாப்பிட்டுப் போ. முன்னால பொத்தான் வச்ச சட்டை போட்டுக்க. இதைப் பத்துப் பேருக்கு ஒருத்திகூட நினைக்க மாட்டா. தலை வழியாக் கழட்டுற டாப்ஸைப் போட்டுட்டுப் போனா, நாலு மணி நேரம் கட்டுன கோபுரத்தை நீயே இடிக்கணும், இல்ல கத்திரியால டாப்ஸைக் கிழிக்கணும். கோபுரம்னதும் ஞாபகம் வருது, அமெரிக்காவுல டெட்ராய்ட்ல கறுப்பின மக்கள் ஹேர் வார்ஸ்னு ஒரு பெரிய காட்சி நடத்தியிருக்காக. கைவேலைன்னா அதுதான் கைவேலை. முடியாலயே ஹெலிகாப்டர் செஞ்சு தலை மேல வச்சு, அதுல விசிறியையும் சுத்த விட்டுட்டாக! உனக்கு அந்த அளவுக்கு இல்லாட்டியும், கட்டுனதைக் கலைக்காம டவுன் பஸ்ல ஏறிராத. பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்ல, ஆனா அந்தத் தலைக்குக் கண்டக்டர் லக்கேஜ் கேட்பாரு. வீட்டுக்கு வந்து ஊசியை எல்லாம் எண்ணி எடுத்துட்டு, கண்டிஷனரைத் தாராளமாப் பூசி, நுனியிலருந்து மேல பார்த்து மெதுவா சிக்கெடு. உச்சியிலருந்து சீப்பை இழுத்தேன்னா பரிசு விழுந்ததுக்கு மேல முடி விழும்.

கடைசியா ஒண்ணு, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. வெட்டுன சடையை அங்கேயே விட்டுட்டு வந்துராத, அது உன் சொத்து. நூலால இறுக்கிக் கட்டிட்டு வெட்டச் சொல்லி, தாள்ல சுத்தி எடுத்துட்டு வா. உங்க அப்பத்தா தலை பஞ்சா வெளுத்துப் போச்சு, சவுரி மட்டும் இன்னும் கல்யாணத்தன்னிக்கு வாங்குன கருப்பு. கோயிலுக்குப் போனா ரெண்டு கலர்ல கொண்டை. ஒவ்வொரு விசேசத்துக்கும் என்னைத்தான் கரிச்சுக் கொட்டுறா, தொழில்காரனைக் கட்டி என்ன கண்டேன்னு. அதனால அந்தப் பார்லர்க்காரிகிட்டச் சொல்லு: முதல்ல நல்லா வெளுத்துட்டு, அதுக்கப்புறம் வெட்டட்டும்.